அப்பாயியின் மெழுகு டின்



நம்ம இதழோட ஆசிரியர் குழுவில் இருக்கிற நண்பன் ஒருத்தன் மூணு மாசமா "மச்சி, ஏதாவது எழுதிக் கொடுடா"ன்னு என்னைத் துரத்திக்கிட்டே இருந்தான். நான் எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். எங்கே ஒற்று வரும், எந்த 'ண' போடணும்ங்கிறது இன்னைக்கும் குழப்பம்தான். அதனால ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டே வந்தேன். கடைசியில் அவனே தலைப்பையும் கொடுத்துட்டான். "உன் கட்டிலுக்கு அடியில ஒரு டின் இருக்குல்ல? அதைப் பத்தி எழுது."

ஹாஸ்டலில் எங்க பிளாக்கில் இருக்கிறவங்களுக்கு அந்த டின் நல்லாவே தெரியும். பழைய பிஸ்கட் டின் அது. உள்ளே முழுக்க மெழுகுவர்த்தித் துண்டுகள். பர்த்டே கேக்கில் குத்தின '2', '1' எண் மெழுகுவர்த்திகள், கார்த்திகைக்கு வரிசையா வச்ச மெழுகு அகல்கள், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஆளுக்கொண்ணா கையில் பிடிச்சுப் பாதியில் அணைச்ச வெள்ளை மெழுகுவர்த்திகள், கண்ணாடி டம்ளரோட அடியில் ஒட்டிக்கிட்டு இருந்த வாசனை மெழுகு. யாரோட பிறந்தநாள் முடிஞ்சாலும் நான் கேக்கைவிட மெழுகுவர்த்தி மேலதான் கண்ணா இருப்பேன். "பழைய இரும்பு, பேரீச்சம்பழம்"னு என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்.

சரி, "வீட்டில் மிச்சமாகும் மெழுகை மறுபடி பயன்படுத்துவது எப்படி?"ன்னு ஒரு பயனுள்ள கட்டுரை எழுதிக் கொடுத்துடலாம்னு உட்கார்ந்தேன். பொருட்கள், செய்முறை, எச்சரிக்கை, மொத்தம் ரெண்டு பக்கம். செய்முறை வரைக்கும் கடகடன்னு வந்துச்சு. எச்சரிக்கைன்னு எழுதிட்டு முதல் வரியைத் தொடங்கினேன். அதுக்கு மேல பேனா ஓடலை. ஏன்னு கீழே சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த டின் எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லணும்.

கஜாவும் பப்பாளிக் காம்பும்

எங்க ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்துச்சு. நான் அப்போ பத்தாவது. சென்னைக்காரங்களுக்கு எப்படி வர்தாவோ அப்படி எங்களுக்குக் கஜா. எங்க தோப்பில் 140 தென்னை இருந்துச்சு. விடிஞ்சு போய்ப் பார்த்தா நின்னது 11. அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் மதியம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் சாய்ஞ்சு போச்சு. வெளி மாவட்டங்களில் இருந்தும் கேரளாவில் இருந்தும் மின் ஊழியர்கள் வந்து ராத்திரி பகலா வேலை பார்த்தாங்க. வயல் சேற்றில் இடுப்பளவு இறங்கிக் கம்பத்தைத் தோளில் தூக்கிட்டுப் போனதை நானே பார்த்திருக்கேன். அப்படி இருந்தும் எங்க தெருவுக்குக் கரண்ட் வர 26 நாள் ஆச்சு.

முதல் ரெண்டு நாள் வீட்டில் இருந்த மெழுகுவர்த்தி போதும். மூணாம் நாள் கடையில் மெழுகுவர்த்தி இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கே ஊர் இருட்டிடும். விழுந்து கிடக்கிற மரத்துக்கு நடுவில் பாம்பு பயம் வேற.

அன்னைக்குத்தான் அப்பாயி பரணில் இருந்து அந்த டின்னை இறக்கச் சொன்னாங்க. அப்பாவோட அம்மாவை நாங்க அப்பாயின்னுதான் கூப்பிடுவோம். அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. மெழுகுவர்த்தி ஒரு விரல் அளவுக்கு வந்துட்டா அணைச்சு அந்த டின்னில் போட்டு வைக்கிறது அவங்க பழக்கம். 2012 வாக்கில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போன காலம் இருந்துச்சே, அப்போ சேர்த்ததெல்லாம் அப்படியே இருந்துச்சு. "ஏன் அப்பாயி இந்தக் குப்பையைச் சேர்க்கறீங்க?"ன்னு நானே எத்தனையோ தடவை சிரிச்சிருக்கேன். அவங்க பதில் எப்பவும் ஒண்ணுதான். "எரியிறது குப்பை இல்ல தம்பி."

கொல்லையில் மூணு செங்கல்லை வச்சு அடுப்பு மூட்டினாங்க. குண்டானில் பாதி தண்ணி. அதுக்குள்ளே ஒரு ஓட்டுத் துண்டு. அது மேல பழைய தேங்காய் எண்ணெய் டின். அதில்தான் மெழுகுத் துண்டுகள். டின்னோட வாயை ஒரு பக்கம் நசுக்கி மூக்கு மாதிரி ஆக்கி வச்சிருந்தாங்க, ஊத்தறதுக்கு வாகா.

"நேரா அடுப்பில வச்சா சீக்கிரம் உருகிடுமே அப்பாயி?"

"சீக்கிரமா உருகும். சீக்கிரமா வீட்டையும் கொளுத்தும். தண்ணிக்குள்ள வச்சா அது நம்ம பேச்சக் கேக்கும்."

இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கங்க. நான் வச்சுக்கலை. அதுதான் இந்தக் கட்டுரையோட பிரச்சினையே.

அச்சுக்கு என்ன பண்றது? புயலில் கொல்லைப் பப்பாளி மரமும் சாய்ஞ்சிருந்துச்சு. அதோட இலைக் காம்பு உள்ளே குழல் மாதிரி இருக்கும், நீங்க பார்த்திருப்பீங்க. சின்ன வயசில் சோப்புத் தண்ணியில் முட்டை விட்டிருப்பீங்க. காம்பை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, பால் போகக் கழுவி, வெயிலில் ஈரம் போகக் காய வச்சாங்க. வெள்ளை நூலை மூணு புரியா எடுத்துச் சடை பின்னற மாதிரி பின்னினாங்க. ஈர்க்குச்சியில் கட்டிக் காம்புக்குள்ளே விட்டு, அடியில் முடிச்சுப் போட்டுக் களிமண்ணால் அடைச்சாங்க. மேல் பக்கம் ஒரு ஈர்க்குச்சியைக் குறுக்கே வச்சு நூலை இழுத்துக் கட்டினாங்க. எல்லாத்தையும் ஒரு வாளி மணலில் நட்டு வச்சு, உருகின மெழுகைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊத்தினாங்க.

ஆறினதும் காம்பைக் கீறி உரிச்சா உள்ளே மெழுகுவர்த்தி! கொஞ்சம் கோணல், கொஞ்சம் அழுக்கு வெள்ளை. ஆனா கொளுத்தினா நின்னு எரிஞ்சுச்சு. ஒண்ணு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். முதல் நாள் ஒன்பது செஞ்சாங்க. நாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டாங்க, அங்கே கைக்குழந்தை இருந்துச்சு. அந்த 26 நாளும் நான் அந்த வெளிச்சத்தில்தான் பத்தாவது கணக்குப் போட்டேன்.

உங்க வீட்டில் செய்யணும்னா

இது எனக்குச் சுலபமா வந்த பகுதி. மெக்கானிக்கல்காரங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

நாம கடையில் வாங்குற சாதா மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கிற பொருள். நம்ம சென்னை மணலி ஆலையிலும் தயாராகுது, அஸ்ஸாமில் இருக்கிற பழைய திக்பாய் ஆலையிலும் தயாராகுது. பாரஃபின் ஒரே ஒரு சேர்மம் இல்லை, பல ஹைட்ரோகார்பன்களோட கலவை. அதனால உருகுநிலையும் வகைக்கு வகை மாறும். சாதாரணமா 50 டிகிரி செல்சியஸில் இருந்து 65 டிகிரிக்குள்ளே இருக்கும்.

இப்போ அப்பாயி ஏன் தண்ணிக்குள்ளே வச்சாங்கன்னு புரியும். தண்ணி எவ்வளவு கொதிச்சாலும் 100 டிகிரியைத் தாண்டாது. அதுக்குள்ளே இருக்கிற மெழுகும் தாண்டாது. மெழுகு ஆவியாகித் தீப்பிடிக்கத் தயாராகிறது சுமார் 200 டிகிரி பக்கத்தில். அதாவது குண்டானில் தண்ணி இருக்கிற வரைக்கும் மெழுகு ஆபத்தான சூட்டுக்குப் போகவே முடியாது. கன்ட்ரோலர் இல்லை, சென்சார் இல்லை, சர்க்யூட் இல்லை. ஒரு குண்டான் தண்ணி, அவ்வளவுதான்.

என்னோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சோலார் வாட்டர் ஹீட்டரில் பாரஃபினை வச்சு வெப்பத்தைச் சேமிக்கிறது பத்தி. ஒரு கிலோ பாரஃபின், அதோட சூடு கொஞ்சமும் ஏறாம வெறுமனே உருகறதுக்கு மட்டும் சுமார் 200 கிலோஜூல் எடுத்துக்கும். அதே வெப்பத்தில் ஒரு கிலோ தண்ணியை 45, 50 டிகிரி அளவுக்குச் சூடேத்திடலாம். அதனால மெழுகு உருக நேரமாகத்தான் செய்யும். பொறுமை இல்லாம தீயைக் கூட்டாதீங்க.

செய்முறை இதுதான்:

முதலில் பிரிங்க. ஜெல் மெழுகுவர்த்தியைச் சாதா மெழுகோட கலக்காதீங்க. எல்லாக் கலரையும் ஒண்ணாப் போட்டா கடைசியில் சேற்றுக் கலர்தான் வரும், அதனால வெள்ளையைத் தனியா வைங்க. ஜிகினா, பிளாஸ்டிக், தீக்குச்சித் துண்டு எல்லாத்தையும் எடுத்துடுங்க. கண்ணாடியில் ஒட்டின மெழுகை எடுக்கணும்னா கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜோட ஃப்ரீசரில் வைங்க. மெழுகு சுருங்கித் தானா கழன்டு வரும். கத்தியால் குத்தி யாரும் கையைக் கிழிச்சுக்க வேண்டாம்.

ரெண்டாவது, உருக்குங்க. ஒரு பாத்திரத்தில் தண்ணி, அடியில் ஒரு ஓடு அல்லது சின்னத் தட்டு, அது மேல மெழுகு டின். டின்னுக்குள்ளே ஒரு சொட்டுத் தண்ணிகூட இருக்கக் கூடாது. வெளியே தண்ணி வத்தாமப் பார்த்துக்கங்க. வத்திட்டா இவ்வளவு நேரம் சொன்ன பாதுகாப்பெல்லாம் போச்சு.

மூணாவது, வடிகட்டுங்க. பழைய பருத்தித் துணி போதும். கரியும் பழைய திரியும் அதில் நின்னுடும். வடிகட்டலைன்னா அந்தக் கசடு புதுத் திரியை அடைச்சு, சுடர் விக்கி விக்கி எரியும். கலர் வேணும்னு கிரேயானைப் போட்டு உருக்கினாலும் இதே கதைதான். கேக்குக்குப் போடற கலர் தண்ணியில் கரையிறது, மெழுகில் கலக்காது.

நாலாவது, திரி. பருத்தி நூல் மட்டும். நைலான் கூடாது. மூணு புரியாப் பின்னி, உருகின மெழுகில் ஒரு தடவை முக்கி எடுத்து நேரா இழுத்துக் காய வைங்க. ஏன் பின்னணும்? சும்மா முறுக்கின திரி எரிய எரியக் கரியா மேலே நீண்டுக்கிட்டே போகும். அந்தக் காலத்தில் அதை நறுக்கி விடறதுக்குன்னே தனிக் கத்தரி வச்சிருந்தாங்க. 1825இல் கம்பாசெரேஸ்ங்கிற பிரெஞ்சுக்காரர் பின்னின திரியைக் கொண்டுவந்தார். அது எரியும்போது நுனி ஒரு பக்கமா வளைஞ்சு சுடரோட ஓரத்துக்குப் போய்த் தானே சாம்பலாகிடும். அப்பாயிக்கு கம்பாசெரேஸைத் தெரியாது. சடை பின்னத் தெரியும்.

அஞ்சாவது, ஊத்துங்க. பப்பாளிக் காம்பு கிடைக்காத ஹாஸ்டல்வாசிகளுக்கு டீக்கடைப் பேப்பர் கப். மெழுகு இறுகும்போது சுருங்கும், அதனால நடுவில் குழி விழும். கொஞ்சம் மெழுகை மிச்சம் வச்சு அந்தக் குழியை ரெண்டாவது தடவை நிரப்பிடுங்க. ஆறினதும் கப்பைக் கிழிச்சு எடுத்துடுங்க. பேப்பரோட கொளுத்தாதீங்க. மீதி மெழுகை எந்தக் காரணத்துக்காகவும் சிங்க்கில் ஊத்தாதீங்க. பைப்புக்குள்ளே போய் உறைஞ்சா பிளம்பருக்குக் கொடுக்கிற காசில் நூறு மெழுகுவர்த்தி வாங்கலாம்.

போன தடவை ஊருக்குப் போனப்போ எங்க பிளாக்கில் சேர்ந்ததை எடுத்துப் போய் உருக்கினேன். 640 கிராம் துண்டு. கசடு, திரி எல்லாம் போக 590 கிராம். பதிமூணு மெழுகுவர்த்தி வந்துச்சு. காசுக் கணக்குப் பார்த்தா பெரிய லாபம் இல்லைன்னு ஒத்துக்கிறேன். ஆனா கச்சா எண்ணெயா பூமிக்கு அடியில் கிடந்து, ஆலைக்குப் போய், கடைக்கு வந்து, கேக் மேல அரை நிமிஷம் எரிஞ்சுட்டுக் குப்பைக்குப் போறது என்ன நியாயம்? எரியிறது குப்பை இல்லை.

இன்னொண்ணு. இந்த வேலையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. மெழுகுவர்த்தியை அணைச்ச உடனே வெள்ளையா ஒரு புகை எழும்பும். அந்தப் புகைக்கிட்டே ஒரு தீக்குச்சியைக் காட்டுங்க. திரியைத் தொடாமலே சுடர் கீழே இறங்கி மறுபடி பத்திக்கும். ஏன்னா அந்தப் புகை வேற எதுவும் இல்லை, மெழுகோட ஆவி. மெழுகுவர்த்தியில் எரியிறது திட மெழுகும் இல்லை, உருகின மெழுகும் இல்லை, ஆவிதான். மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பசங்களுக்காக ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வச்சு ஆறு சொற்பொழிவு நடத்தினார். அதிலும் இந்தச் சோதனை உண்டு.

ஒரு திரி நுனி அளவுக்கு ஆவி எரிஞ்சா அது விளக்கு. ஒரு சட்டி நிறைய மெழுகு ஆவியாகி எரிஞ்சா? அதுதான் எச்சரிக்கைப் பகுதி. அங்கேதான் பேனா நின்னுச்சு.

எச்சரிக்கை

நான் எழுத நினைச்ச வரி இது: "எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது."

ஊத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். புத்தகத்தில் படிச்சதால் இல்லை.

2021 ஜூலை. பிளஸ் டூ பரீட்சை ரத்தாகி எல்லாரும் பாஸ். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மொபைலில் வாசனை மெழுகுவர்த்தி செய்யற வீடியோ பார்த்துட்டு, நாமும் செஞ்சு இன்ஸ்டாவில் விக்கலாம்னு ஒரு ஆசை. அப்பா தோப்புக்குப் போயிருந்தார், புதுசா வச்ச கன்றுகளுக்குத் தண்ணி பாய்ச்ச. அம்மா ரேஷன் கடையில். நான் அப்பாயியோட டின்னை எடுத்து, பாதியைக் கொட்டினேன். தண்ணிக்குள்ளே வைக்கிறதுக்கெல்லாம் யாருக்குப் பொறுமை? ஒரு பழைய வாணலியைக் கேஸ் அடுப்பில் நேரா வச்சுத் தீயை முழுசாத் திருப்பி விட்டுட்டு வாசலுக்குப் போய் நண்பன்கிட்ட போனில் பேசிக்கிட்டு இருந்தேன்.

புகை வாசனை வந்துதான் உள்ளே ஓடினேன். வாணலியில் தீ. ஒரு முழ உயரம் இருக்கும். பிசிக்ஸில் 98 மார்க் வாங்கினவன் என்ன பண்ணினேன் தெரியுமா? பக்கத்தில் இருந்த மக்கில் தண்ணி மொண்டேன்.

அப்பாயி கொல்லையில் இருந்து வந்துட்டாங்க. "ஊத்தாதடா!"ன்னு கத்தினது காதில் விழுந்துச்சு. அதுக்குள்ளே கை ஊத்திடுச்சு. அந்த நேரத்தில் அவங்க என் சட்டையைப் பிடிச்சுப் பின்னால் இழுத்து, வலது கையைக் குறுக்கே நீட்டினாங்க.

மெழுகு தண்ணியைவிட லேசு. ஊத்தின தண்ணி அடியில் இறங்கும். அங்கே இருக்கிற சூட்டில் கண் மூடித் திறக்கிறதுக்குள்ளே ஆவியாகும். தண்ணி ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். மேலே இருக்கிற எரியிற மெழுகு முழுக்கத் துளித்துளியாச் சிதறும், ஒவ்வொரு துளியும் தீயோட. இதெல்லாம் நான் பிறகு படிச்சது. அன்னைக்குத் தெரிஞ்சது, உத்தரம் வரைக்கும் ஒரு நெருப்பு எழும்பி அடங்கினது மட்டும்தான்.

என் மேல ஒரு சொட்டுக்கூடப் படலை. அப்பாயியோட முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் மெழுகு. அந்தக் கையோடயே அவங்க கேஸை அணைச்சு, ஒரு பெரிய தட்டை எடுத்து வாணலியை மூடினாங்க. தீ நின்னுச்சு. முதலிலேயே அவ்வளவுதான் செஞ்சிருக்கணும். அடுப்பை அணைக்கணும், மூடணும், தள்ளி நிக்கணும்.

பக்கத்து வீட்டில் இருந்து ஒரு அக்கா ஓடி வந்து டூத்பேஸ்ட் தடவினாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அதுக்குத்தான் முதலில் திட்டினாங்க. "இருபது நிமிஷம் குழாய்த் தண்ணியில கையக் காட்டியிருக்கணும். பேஸ்ட்டு, இங்க் எதுவும் தடவக் கூடாது. ஒட்டின மெழுகையும் நீங்களாப் பிய்க்கக் கூடாது." இதையும் நீங்க ஞாபகம் வச்சுக்கங்க.

அப்பா வந்தார். கரி பிடிச்ச சுவரைப் பார்த்தார். அப்பாயி கைக்கட்டைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அப்பாயி சொன்னாங்க: "மெழுகு உருக்குனேன்ப்பா. கவனிக்காம விட்டுட்டேன். வயசாயிருச்சுல்ல."

நான் பேசாம நின்னேன். அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அடுத்த வாரம் அப்பா கோபம் தணியட்டும்னு நினைச்சேன். அப்புறம் கவுன்சிலிங் வந்துச்சு, காலேஜ் வந்துச்சு.

ஆனா அன்னைக்கு ராத்திரியே அப்பா ரெண்டு காரியம் பண்ணினார். அந்த டின்னை எடுத்துக் குப்பை மேட்டில் வீசினார். அப்பாயிகிட்ட, "ஆத்தா, இனிமே நீ அடுப்பாங்கரைப் பக்கமே போகாத"ன்னு சொல்லிட்டார். கோபத்தில் இல்லை, பயத்தில். அம்மாவும் அதையே சொல்லிட்டாங்க.

நாற்பது வருஷம் மெழுகு உருக்கியும் ஒரு துளி சிந்தாத கை அது. ஐம்பது வருஷத்துக்கு மேல அந்த வீட்டுக்குச் சமைச்ச கை. அந்தக் கைக்கு நிதானம் போயிடுச்சுன்னு வீடே முடிவு பண்ணிடுச்சு, என்னால. மூணரை வருஷமா அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாங்க. உரிச்சு உள்ளே கொடுக்கிறாங்க. லீவுக்குப் போகும்போது அதைப் பார்த்துட்டு நான் மொபைலை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிடுவேன்.

இப்போ புரியுதா, கட்டிலுக்கு அடியில் ஏன் அந்த டின்னுன்னு? அப்பா வீசினதைத் திரும்பச் சேர்த்துக் கொடுத்துடலாம்னு ஒரு கிறுக்குத்தனமான கணக்கு. அந்தப் பதிமூணு மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தப்போ அப்பாயி ஒண்ணை எடுத்துத் திரியைத் தடவிப் பார்த்துட்டு, "சடை நல்லா பின்னியிருக்க"ன்னாங்க. அதுக்கு மேல எதுவும் கேக்கலை. எனக்குத்தான் தொண்டை அடைச்சுக்கிச்சு.

ஒரு போன்

"தண்ணீர் ஊற்றக் கூடாது"ன்னு உங்களுக்குப் புத்தி சொல்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட உண்மையைச் சொல்லணும்னு தோணுச்சு. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்குப் பின்னால் நின்னு போன் பண்ணினேன். புரொபசர் முன்னாடி வைவாவில் நிக்கிறதைவிடக் கை நடுங்குச்சு.

சொல்லி முடிச்சேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு "அப்பா?"ன்னேன்.

"நீயா தம்பி?"

"ஆமாப்பா."

"மூணு வருசமா?"

"ஆமாப்பா."

"...நான் ஆத்தாவைப் போட்டு என்னென்னமோ சொல்லிட்டேனே."

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டலை. போனை அப்பாயிகிட்ட கொடுத்துட்டார். அப்பாயிதான் திட்டினாங்க. "உன்னைய யாரு இப்ப சொல்லச் சொன்னா? ஆறிப்போன புண்ண நோண்டிக்கிட்டு. பரீச்சைக்குப் படிக்கிற வேலையப் பாரு." நான் அழுதேன்னு நினைக்கிறேன். "அழுவாத. மெழுகு கண்டிருக்கே, நல்லதுக்குத்தான் உருகுது"ன்னு என்னவோ சொன்னாங்க, சரியாக் கேக்கலை. பக்கத்தில் ஜெனரேட்டர் சத்தம்.

பத்து நாள் கழிச்சு அம்மா போனில் எல்லாக் கதையும் பேசிட்டுக் கடைசியில் சொன்னாங்க. "இன்னைக்கு அப்பாயிதான் கருவாட்டுக் குழம்பு வச்சாங்க. உங்கப்பா ஒண்ணும் பேசல. ரெண்டாந்தடவையும் சோறு போட்டுக்கிட்டாரு."

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மூணரை வருஷத்தை யாரும் அப்பாயிக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. கையில் தழும்பு அப்படியேதான் இருக்கு. ஆனா அது அவங்க கவனக்குறைவால் வந்த தழும்பு இல்லைன்னு இப்போ வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இந்த இதழோட லிங்க்கை அப்பாவுக்கும் அனுப்பப் போறேன். அவர் அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டுவார். எழுத்துப்பிழை இருந்தா அப்பாயி கண்டுபிடிக்க மாட்டாங்க, ஆனா செய்முறையில் தப்பு இருந்தா கண்டிப்பாக் கண்டுபிடிப்பாங்க.

உங்ககிட்ட ரெண்டே வேண்டுகோள்தான். உங்க அறையில் மெழுகுவர்த்தித் துண்டு இருந்தா தூக்கிப் போடாம எங்க பிளாக்கில் கொண்டுவந்து கொடுங்க. டின்னில் இன்னும் இடம் இருக்கு. நீங்களே வீட்டில் உருக்கறதா இருந்தா தண்ணிக்குள்ளே வச்சு உருக்குங்க, போனைத் தள்ளி வைங்க, அடுப்பை விட்டு நகராதீங்க, வாணலியை மூடற அளவுக்கு ஒரு பெரிய தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வச்சுக்கங்க.

மக்கை மட்டும் சமையலறைக்கு வெளியே வச்சுடுங்க.